பேப்பர் டெவலப்பர்: எப்போதாவது பிரிண்ட் போடுபவர் எதை வாங்குவது, திறந்த பாட்டிலை எப்படி வைப்பது?

மங்கல்வெளிச்சம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குளியலறை சன்னலை அடைத்து, ஒரு மேசை மேல் என்லார்ஜரை (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) வைத்துக் கறுப்பு வெள்ளை பிரிண்ட் போட்டு வருகிறேன். பெரும்பாலும் 8×10 அங்குல ஆர்சி தாள் (பிளாஸ்டிக் பூச்சு உள்ளது). அடுத்து ஃபைபர் தாளில் (அந்தப் பூச்சு இல்லாதது) கை வைக்க வேண்டும் என்று ஆசை. வேலை, குடும்பம் என்று ஓடுவதில் மாதத்துக்கு ஒரு ராத்திரி கிடைத்தாலே பெரிய விஷயம். சில மாதம் அதுவும் கிடைக்காது.

குழப்பம் டெவலப்பரில்தான், அதாவது தாளில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலில். ஒரு லிட்டர் திரவ கான்சென்ட்ரேட் வைத்திருக்கிறேன், 1+9 கலவை (ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர்). பாட்டிலைத் திறந்த புதிதில் கறுப்பு நல்ல அழுத்தமாக வந்தது. பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு, அதே நெகட்டிவ், அதே ஃபில்டர், அதே எக்ஸ்போஷர் கொடுத்தாலும் நிழல்கள் கரிச்சாம்பல் நிறத்தில் நின்றுவிடுகின்றன. கான்சென்ட்ரேட்டும் தெளிவாக இருந்தது போய் இப்போது நல்ல பழுப்பு. மூடியை இறுக்கித்தான் வைத்திருந்தேன்.

பவுடருக்கு மாறலாமா? டெக்டால், புரோமோஃபென் என்று பவுடர் டெவலப்பர்களின் பெயர்கள் கண்ணில் படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் படத்தின் தோற்றம் மாறுமா, அல்லது எல்லாம் ஒன்றுதானா? காற்றை அமுக்கி வெளியேற்றுகிற மடிப்பு பாட்டில் பயன்படுமா? ஃப்ரிட்ஜில் வைத்தால் நீடிக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வெள்ளியுப்பு எழுதியது:

வணக்கம். எனக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எந்த டெவலப்பர் என்று யோசிப்பதற்கு முன்னால், அதை எத்தனை நாளுக்கு ஒரு தடவை திறக்கப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும். வாராவாரம் பிரிண்ட் போடுகிறவருக்கும் உங்களுக்கும் ஒரே டெவலப்பர் பொருந்தாது. பெயர் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். உங்கள் கேள்வியில் வேண்டிய விவரம் "மாதத்துக்கு ஒரு ராத்திரி" என்பதுதான்.

பாட்டிலுக்குள் நடப்பது இது. கிட்டத்தட்ட எல்லா பேப்பர் டெவலப்பரிலும் வேலை செய்கிற சரக்கு இரண்டு: ஹைட்ரோகுயினோன், அதோடு மெட்டால் அல்லது ஃபெனிடோன் வகையைச் சேர்ந்த ஒன்று. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிடப் பல மடங்கு வேகமாக வேலை செய்யும். இவை காரக் கரைசலில்தான் இயங்கும், அதற்காகக் கார்பனேட் சேர்க்கிறார்கள். ஆனால் அதே காரத்தில் ஹைட்ரோகுயினோன் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் கெடும். அதைத் தடுத்து நிறுத்துவது சோடியம் சல்ஃபைட். சல்ஃபைட் இருக்கிற வரை, ஆக்ஸிடைஸ் ஆன ஹைட்ரோகுயினோனை நிறமில்லாத இன்னொரு பொருளாக மாற்றிவிடும். சல்ஃபைட் தீர்ந்ததும் பழுப்பு ஏற ஆரம்பிக்கும். அதாவது உங்கள் கான்சென்ட்ரேட் பழுப்பாகத் தெரிகிறது என்றால், பாதுகாப்பு போய்விட்டது, இப்போது சரக்கே கெடுகிறது என்று பொருள்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒரு கணக்கு. அரை லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சுமார் 0.14 கிராம். அது முழுவதும் சல்ஃபைட்டைத் தின்றாலும் 1 கிராமுக்குச் சற்று மேலேதான் போகும். கோடக்கின் பழைய டி-72 ஃபார்முலாவில் ஒரு லிட்டர் ஸ்டாக்கில் (தண்ணீர் சேர்த்து நீர்க்க வைப்பதற்கு முந்தைய அடர் கரைசல்) இருப்பதோ 45 கிராம் சல்ஃபைட். அப்படியானால் பாதி காலியான பாட்டிலில் ஒருமுறை அடைபட்ட காற்று மட்டும் டெவலப்பரைக் கொன்றுவிடாது. கொல்வது வேறு இரண்டு. ஒன்று, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பழைய காற்று போய்ப் புதிய காற்று உள்ளே வருகிறது. இரண்டு, மூடியும் பாட்டில் சுவரும். மூடியின் மரையில் டெவலப்பர் வழிந்து காய்ந்து வெள்ளையாகப் பொருக்கு தட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பொருக்கு இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் மூடி சரியாக உட்காராது. ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் மரையையும் மூடியின் உட்புறத்தையும் துடைத்து, உலர்த்தி, அப்புறம் மூட வேண்டும். அற்ப வேலைதான், ஆனால் பல பாட்டில்களைக் காப்பாற்றுவது அதுதான்.

அதனால் என் வழி: பாட்டிலைத் திறக்கிற அன்றைக்கே முழுவதையும் பிரித்து வைத்துவிடுவது. உங்கள் 8×10 ட்ரேக்கு 1 லிட்டர் கலவை போதும். 1+9 என்றால் 100 மிலி கான்சென்ட்ரேட், 900 மிலி தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டிலை வாங்கிய அன்று 100 மிலி பிடிக்கிற சின்ன கண்ணாடி பாட்டில்கள் பத்தில் கழுத்து வரை ஊற்றுங்கள். கழுத்து வரை என்றால் உண்மையிலேயே கழுத்து வரை. மேல்விளிம்பில் கரைசல் லேசாகக் குமிழ்ந்து நிற்கிற அளவுக்கு ஊற்றி மூடியைத் திருகினால் ஒரு சொட்டு வெளியே வரும், உள்ளே காற்றுக்குமிழி இருக்காது. வெளியே வந்ததைத் துடைத்து, தேதி எழுதி ஒட்டி, இருட்டான அலமாரியில் வையுங்கள். மாதம் ஒரு பாட்டில் எடுத்தால் அதில் இருப்பது மொத்தமும் அன்றைய ட்ரேக்குப் போய்விடும். பாதி மிஞ்சிய பாட்டில் என்று ஒன்றே உங்களிடம் இருக்காது. "100 மிலி" என்று அச்சிட்ட பாட்டில் கழுத்து வரை நிரப்பினால் 110 கூடப் பிடிக்கும். முதலில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துக்கொண்டு, கலக்கும்போது தண்ணீர் அளவை அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பாட்டில் எதில் செய்தது என்பதும் முக்கியம். கண்ணாடிதான் முதல் தேர்வு. அடுத்தது பெட் பிளாஸ்டிக், அதாவது கண்ணாடி போல் தெளிவாக இருக்கிற வகை. ஆக்சிஜனை அது ஓரளவுக்கு நன்றாகவே தடுக்கும். பால் போல் மங்கலாக இருக்கும் பாலிஎத்திலீன் பாட்டில் வழியே ஆக்சிஜன் மெதுவாக ஊடுருவும். நீண்ட நாள் வைக்க அது வேண்டாம். பாட்டில் பழுப்பு நிறமாக இருக்க வேண்டும் என்பார்கள். இருந்தால் நல்லது, ஆனால் டெவலப்பருக்கு எதிரி வெளிச்சத்தைவிடக் காற்றுதான். பெட் பாட்டில்கள் பெரும்பாலும் குடிபானத்துக்கு வந்தவை என்பதால் ஒரே ஒரு கண்டிப்பு: பழைய லேபிளை முழுவதும் உரித்துவிட்டு, "விஷம், டெவலப்பர்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, குழந்தைகள் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இதில் தளர்வே கூடாது.

மடிப்பு பாட்டிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதை மடக்குவதற்காகவே சுவரை மெல்லிய, மென்மையான பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள், ஆக்சிஜன் புகுவதற்கு அது வசதி. மடிப்புக்குள் தங்குகிற எச்சத்தைக் கழுவி எடுப்பதும் பெரும்பாடு. மடக்கிய நிலையில் அது நிற்பதும் இல்லை, மெல்ல விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும். அதற்குப் பதில், சுத்தமான கண்ணாடிக் கோலிகளைப் பாட்டிலுக்குள் போட்டு மட்டத்தைக் கழுத்துக்குக் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். சாப்பாடு இருக்கிற இடத்தில் இந்தச் சரக்கு இருக்கக் கூடாது என்பது முதல் காரணம். இரண்டாவது, அதிகம் குளிர்ந்தால் கரைசலில் இருக்கிற உப்புகள் படிகமாகப் பிரிந்து அடியில் இறங்கும். அதைத் திரும்ப முழுசாகக் கரைப்பது கடினம், கரையாமல் ஊற்றினால் கலவையின் விகிதமே மாறிவிடும். வீட்டிலேயே சூடு குறைவான ஒரு மூலை போதும்.

இனி எதை வாங்குவது. உங்கள் நிலைமைக்குத் திரவம்தான், ஆனால் சின்ன பாட்டில். இல்ஃபோர்ட் மல்டிகிரேட் டெவலப்பர், பிக்யூ யூனிவர்சல் இரண்டுமே 1+9 கலவையில் ஆர்சி தாளுக்கும் ஃபைபர் தாளுக்கும் நன்றாக வேலை செய்யும். மல்டிகிரேட் டெவலப்பரில் 20 டிகிரியில் ஆர்சிக்கு 1 நிமிடம், ஃபைபருக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்டாலும் புரோமோஃபெனும் அருமையான பவுடர்கள். ஆனால் கரைத்தால் மொத்தமாகக் கரைக்க வேண்டும். பாக்கெட்டில் பாதியை எடுத்துக் கரைக்கலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கிற தூள்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு பருமன், வேறு வேறு எடை. வண்டியில் குலுங்கி வரும்போதே அவை மேலும் கீழுமாகப் பிரிந்து போயிருக்கும். மேல் பாதியில் கார்பனேட் குறைந்து மெட்டால் கூடியிருக்கலாம், யாருக்குத் தெரியும். ஒரு கேலன் டெக்டால் பாக்கெட்டைக் கரைத்தால் 3.8 லிட்டர் ஸ்டாக், 1+2 கலந்தால் 11 லிட்டருக்கு மேல் கலவை. மாதம் ஒரு லிட்டர் செலவழிக்கிறவருக்கு இது ஏறத்தாழ ஒரு வருஷச் சரக்கு. முழுதாக நிரப்பி இறுக மூடிய பாட்டிலில் ஸ்டாக் 6 மாதம், பாதி நிரம்பிய பாட்டிலில் 2 மாதம் என்றுதான் கோடக்கே கணக்குச் சொல்கிறது.

தோற்றம் மாறுமா என்று கேட்டீர்கள். இப்போது வருகிற நியூட்ரல் டோன் (நிறச்சாயல் இல்லாத கறுப்பு தரும்) மல்டிகிரேட் (ஃபில்டரால் கான்ட்ராஸ்ட் மாற்றக்கூடிய) ஆர்சி தாளில் இரண்டு நல்ல டெவலப்பர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். சுவரில் தனியாக மாட்டினால் முடியாது. புது டெவலப்பருக்கும் சோர்ந்த டெவலப்பருக்கும் உள்ள வித்தியாசமோ அறை வாசலில் நின்றாலே தெரியும். எந்த பிராண்ட் என்பதைவிட அது புதிதாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான். பழுப்புச் சாயல் தரும் வார்ம்டோன் தாள்களில் கதை வேறு. குளோரைடு அதிகம் உள்ள அந்த எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) டெவலப்பருக்கு வளைந்து கொடுக்கும். டெவலப்பரில் புரோமைடு கூடினால் நிறம் வெதுவெதுப்பாகும், பென்சோட்ரையசோல் என்ற சேர்மானம் கூடினால் நீலச்சாயலும் குளிர்ச்சியும் வரும். அந்தத் தாளுக்குப் போகும்போது வார்ம்டோன் டெவலப்பரைப் பற்றி யோசிக்கலாம்.

---

கல்மேசை எழுதியது:

வெள்ளியுப்பு சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. தராசு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு, அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கரைசல்தான் கெடும், உலர்ந்த ரசாயனம் வருஷக்கணக்கில் நிற்கும். அதனால் நான் டி-72ஐத் தேவைக்கு மட்டும் எடை போட்டுக் கலக்குகிறேன். ஃபார்முலா வெளியில் உள்ளதுதான், டெக்டாலுக்கு நெருங்கிய உறவு. ஒரு லிட்டர் ஸ்டாக்குக்கு மெட்டால் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 45, ஹைட்ரோகுயினோன் 12, சோடியம் கார்பனேட் மோனோஹைட்ரேட் 80, பொட்டாசியம் புரோமைடு 2. இதை 1+2 கலக்குவோம் இல்லையா, அப்படியானால் ஒரு ட்ரேக்கு 1 லிட்டர் கலவை மட்டும் வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும்: மெட்டால் 1 கிராம், சல்ஃபைட் 15, ஹைட்ரோகுயினோன் 4, கார்பனேட் சுமார் 27. புரோமைடை 10 சதவீதக் கரைசலாகச் செய்து வைத்துக்கொண்டால் 6.7 மிலி ஊற்றினால் சரி. புரோமைடு கரைசல் கெட்டுப் போகாது. நேராக ஒரு லிட்டரில் கரைத்து ட்ரேயில் ஊற்றிவிடலாம், ஸ்டாக் என்ற பேச்சே இல்லை.

கார்பனேட் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். நீரற்ற வகை என்றால் 27க்குப் பதில் 23 கிராம். படிகமாக வருகிற சலவை சோடா என்றால் 61 கிராம் வரை வேண்டும், ஏனென்றால் அதில் எடையின் பெரும்பங்கு தண்ணீர். இதைக் கவனிக்காமல் கலந்தால் டெவலப்பர் மந்தமாகிவிடும், காரணமும் பிடிபடாது.

கரைக்கும் வரிசையும் உண்டு. மெட்டால் அடர்ந்த சல்ஃபைட் கரைசலில் கரைய மறுக்கும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் மெட்டால் முழுவதும், அது கரைந்து தெளிந்த பிறகு மீதி சல்ஃபைட், ஹைட்ரோகுயினோன், கார்பனேட், கடைசியாகப் புரோமைடு. ஸ்டாக்குக்கு 52 டிகிரி தண்ணீர் என்பது பழைய வழக்கம். இந்த அளவு கொஞ்சத்துக்கு 40 டிகிரியே போதும். வேகமாகக் கலக்கி நுரை கட்ட வைக்காதீர்கள், அதுவே காற்றை உள்ளே அடிக்கிற வேலை. பிறகு 20 டிகிரிக்கு ஆற வைத்துப் பயன்படுத்துங்கள்.

எடை போடும்போது மூக்குக்கு மாஸ்க், கைக்கு நைட்ரைல் கையுறை. ஹைட்ரோகுயினோன் தூள் கண்ணிலோ மூச்சிலோ போகக் கூடாது. மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்தடுத்து இன்னும் எளிதாகத் தூண்டப்படும், விடவே விடாது. கை விரல் நடுவே அரிப்பும் வெடிப்பும் வந்தால் உடனே மெட்டாலை நிறுத்திவிட்டு ஃபெனிடோன் வகைக்கு மாறிவிடுங்கள். ஃபெனிடோனை இல்ஃபோர்டில் கண்டறிந்தது 1940 வாக்கில். மெட்டால் ஒத்துக்கொள்ளாத கைகளுக்கு அது பெரிய விடுதலை. ட்ரேக்குள் விரலை விடாமல் இடுக்கியால் தாளைப் பிடிப்பது எல்லோருக்கும் நல்லது.

---

நெகட்டிவ்பெட்டி எழுதியது:

ஒரு எச்சரிக்கை மட்டும். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஆஸ்கார்பிக் அமில அடிப்படையில் வருகிற பேப்பர் டெவலப்பர்கள் இருக்கின்றன, அடாக்ஸ் நியூட்டால் ஈகோ மாதிரி. ஹைட்ரோகுயினோன் இல்லை, தரமும் நல்ல தரம். ஆனால் பழுப்பு நிறத்தை வைத்து வயதைக் கணிக்கிற பழக்கம் இவற்றிடம் செல்லாது. ஆஸ்கார்பேட் நிறமே மாறாமல் வலுவிழக்கும். நேற்று வரை சரியாக இருந்தது இன்று திடீரென்று வேலை செய்யாமல் போகும். தண்ணீரில் இரும்பு, செம்பு இருந்தால் இன்னும் சீக்கிரம். இந்த வகை வாங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீர்தான், ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் சோதித்துப் பார்ப்பதும் கட்டாயம்.

இதற்கு நேர் எதிர் ஆன்ஸ்கோ 130. கிளைசின் என்ற டெவலப்பிங் பொருள் சேர்ந்த அந்த டெவலப்பர் பிறக்கும்போதே நிறமாகத்தான் இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும், ஆனால் அந்த நிறத்தோடு மாதக்கணக்கில் வேலை செய்யும். ஆக நிறத்தை மட்டும் பார்த்து ஊற்றியும் விடாதீர்கள், நம்பியும் விடாதீர்கள்.

---

மங்கல்வெளிச்சம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பிரித்து ஊற்றி வைக்கிற யோசனை இவ்வளவு எளிது என்று தோன்றவே இல்லை. சின்ன கண்ணாடி பாட்டில்கள் தேட ஆரம்பித்துவிட்டேன். தராசு வாங்கும் வரை திரவத்தோடு இருந்துகொள்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ராத்திரி வேலை முடியும்போது ட்ரேயில் இருக்கிற கலவை இன்னும் நன்றாகவே இருப்பதுபோல் தெரிகிறது. அதைத் திரும்ப பாட்டிலில் ஊற்றி மறுநாள் பயன்படுத்தலாமா? அப்புறம், நெகட்டிவ்பெட்டி சோதித்துப் பார்க்கச் சொல்கிறார், சரி. எப்படிச் சோதிப்பது? பிரிண்ட் மங்கலாக வந்தால் டெவலப்பர் காரணமா, நான் கொடுத்த எக்ஸ்போஷர் காரணமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அறை கொஞ்சம் சூடான அறை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

வெள்ளியுப்பு எழுதியது:

சோதனையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் உங்களுக்கு நிம்மதி தரும்.

புது டெவலப்பர் கலந்த அன்று, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தாளிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். மற்ற தாள்களையெல்லாம் உறையில் பத்திரமாக வைத்துவிட்டு, அந்தத் துண்டின் பாதியை ஒரு கறுப்பு அட்டையால் மூடி மறுபாதிக்கு அறை விளக்கைப் போட்டுச் சில வினாடி காட்டுங்கள். எக்ஸ்போஷர் சரியா தவறா என்ற பேச்சுக்கே இடமில்லாதபடி அந்தப் பாதி முழுதாக வெளிச்சம் வாங்கிவிடும். பின்பு விளக்கை அணைத்து, சேஃப்லைட்டில் (தாளைப் பாதிக்காத மங்கல் விளக்கு), துண்டு முழுவதையும் வழக்கமான நேரம் டெவலப் செய்து, ஸ்டாப் (டெவலப் ஆவதை நிறுத்தும் கரைசல்), ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), கழுவல், உலர்த்தல். ஒரு பாதி அந்தத் தாள் தரக்கூடிய அதிகபட்சக் கறுப்பு, மறுபாதி தாளின் சுத்தமான வெள்ளை. பின்னால் தேதி, டெவலப்பர், கலவை, வெப்பநிலை எழுதிச் சுவரில் குத்தி வையுங்கள்.

அதற்குப் பிறகு எந்த ராத்திரியும் முதல் வேலை இதேபோல் ஒரு துண்டு. உலர்ந்த பிறகு பழைய துண்டின் மேல் புதிய துண்டை ஓரத்தோடு ஓரம் ஒட்டினாற்போல் வைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு கறுப்புக்கும் நடுவே கோடு மறைந்துவிட்டால் டெவலப்பர் நலம். புதிய துண்டு சாம்பலாகத் தனித்துத் தெரிந்தால் டெவலப்பரைக் கொட்டுங்கள். வெள்ளைப் பாதி மங்கியிருந்தால் அது வேறு கதை: சேஃப்லைட் கசிவோ, தாள் பழையதோ, டெவலப்பர் சூடோ. ஈரத் துண்டை உலர்ந்த துண்டோடு ஒப்பிடாதீர்கள். தாள் உலரும்போது தோற்றம் மாறும், ஃபைபரில் அது நன்றாகவே தெரியும்.

இப்போது உங்கள் பழுப்பு கான்சென்ட்ரேட்டையும் இப்படி ஒரு துண்டு போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நீங்கள் சொல்கிற நிழல் பகுதியின் நிலைமையைப் பார்த்தால் அது தேறாது என்றே நினைக்கிறேன், ஆனால் துண்டு சொன்னால் சந்தேகம் இருக்காது.

வேலை நடக்கும்போதே கவனிக்க இன்னொரு வழி இருக்கிறது. தாள் கரைசலில் நழுவி அமிழ்ந்த நொடியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். சிவப்பு வெளிச்சத்தில் தாள் கொஞ்ச நேரம் வெறுமையாக இருக்கும். பிறகு எங்கோ ஒரு அடர்ந்த இடத்தில், முடியிலோ கதவு நிழலிலோ, லேசான ஒரு கறை எழும்பும். அந்த நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக ஃபைபர் தாளில் 20 வினாடியில் கறை எழுந்து, 2 நிமிடத்தில் பிரிண்ட் முடிகிறது என்றால் விகிதம் 6. அதே நெகட்டிவின் பதினைந்தாவது பிரிண்டில் கறை எழ 25 வினாடி ஆனால், டெவலப்பர் சோர்கிறது அல்லது ஆறிவிட்டது. அப்போது 6ஆல் பெருக்கி 150 வினாடி கொடுத்தால் முந்தைய பிரிண்டோடு பொருந்தும். ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வகுத்துக் கொடுத்த முறை இது, இன்றைக்கும் பிசகுவதில்லை. எழும் நேரம் ஆரம்பத்தில் இருந்ததைப் போல் இரண்டு மடங்கை எட்டினால் நான் பெருக்கிக்கொண்டிருக்க மாட்டேன், புதிதாகக் கலந்துவிடுவேன்.

பொறுமையும் வேண்டும். பிரிண்ட் சீக்கிரம் கறுக்கிறதே என்று பயந்து 30 வினாடியில் தூக்குவதைப் போலக் கறுப்பைக் கெடுப்பது வேறொன்றில்லை. முழு நேரம் கொடுங்கள். கூடுதலாகக் கறுத்தால் அடுத்த தாளுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

ட்ரேயில் மிஞ்சியதைப் பற்றி: கொட்டிவிடுங்கள். காரணம் அந்தச் சல்ஃபைட் கணக்குதான். 1+9 கலக்கும்போது தண்ணீர் எல்லாவற்றையும் பத்தில் ஒன்றாக்குகிறது, சல்ஃபைட்டையும் சேர்த்து. ட்ரேயோ அகன்ற வாய். பாட்டிலில் மாதக்கணக்கில் நடக்கிற சேதம் ட்ரேயில் சில மணி நேரத்தில் நடந்துவிடும். போதாததற்கு, அதில் பிரிண்ட்களிலிருந்து இறங்கிய புரோமைடு இருக்கிறது, ஸ்டாப் பாத் சொட்டு இருக்கலாம், ஃபிக்ஸர் பட்ட இடுக்கி ஒரு தடவை தவறி உள்ளே போயிருக்கலாம். ஃபிக்ஸர் துளி டெவலப்பருக்குள் விழுந்தால் கறையும் ஃபாகும் (தாள் முழுதும் படியும் சாம்பல் மங்கல்) வரும். ஒவ்வொரு ட்ரேக்கும் வேறு வேறு நிறத்தில் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையே தொடரப் போகிறீர்கள் என்றால் மட்டும் வாய் வரை நிரம்பிய பாட்டிலில் ஊற்றி வைத்து, துண்டு போட்டுப் பார்த்துப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம். நடுவில் சாப்பிட எழுந்து போகும்போது கரைசலின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் தாளை மிதக்கவிட்டுப் போங்கள், காற்று படுகிற பரப்பு அனேகமாக இல்லாமல் போகும். இதே காரணத்துக்காகத்தான் செங்குத்தாக நிற்கிற ஸ்லாட் தொட்டிகளில் டெவலப்பர் பல நாள் நிற்கிறது: அளவு அதே, வாய் மட்டும் குறுகல்.

சூடான அறை என்றீர்கள். ட்ரேயை அதைவிடப் பெரிய ட்ரேயில் தண்ணீர் ஊற்றி உள்ளே வையுங்கள், அந்தத் தண்ணீரில் இறுகக் கட்டிய பையில் ஐஸ் போடுங்கள். ஐஸை டெவலப்பருக்குள் போட்டால் கலவை நீர்த்துவிடும். 20 டிகிரியில் நிறுத்த முடியவில்லை, 24இல்தான் நிற்கிறது என்றாலும் பரவாயில்லை, ராத்திரி முழுவதும் அதே 24இல் நிற்க வேண்டும், நேரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். மாறிக்கொண்டே இருப்பதுதான் தொல்லை. ரொம்பக் குளிர்ந்தால் வேறு ஆபத்து. 13 டிகிரிக்குக் கீழே ஹைட்ரோகுயினோன் ஏறக்குறைய தூங்கிவிடும், மெட்டால் மட்டும் வேலை செய்யும், கான்ட்ராஸ்ட் சப்பென்று ஆகும். அலமாரிக்கும் சூடு ஆகாது. சூடு 10 டிகிரி கூடினால் கெடுகிற வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், அதனால் அடுப்பு, வாட்டர் ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள்.

---

கல்மேசை எழுதியது:

தண்ணீர் பற்றி ஒரு வரி. கடினத் தண்ணீர் என்றால் காய்ச்சி ஆறவைத்து, அடியில் படிவதை விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும்போது கரைந்திருக்கிற காற்றும் போய்விடும், பவுடர் கரைப்பவர்களுக்கு அது இரட்டை லாபம். மூடி ஆறவையுங்கள்.

செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் பயன்படுத்திய டெவலப்பரை அதற்குள் ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்துவைத்து ரசாயனக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுப்பதுதான் முறை.

---

மங்கல்வெளிச்சம் எழுதியது:

துண்டு போட்டுப் பார்த்துவிட்டேன். கடையில் தனியாக எடுத்த புது 500 மிலி பாட்டிலிலிருந்து ஒன்று, பழைய பழுப்பிலிருந்து ஒன்று. இரண்டுக்கும் 20 டிகிரி, 1 நிமிடம், ஒரே உறையிலிருந்து எடுத்த தாள். ஓரத்தோடு ஓரம் வைத்தேன். பழையதின் கறுப்பு பக்கத்தில் வைக்காவிட்டால்கூடச் சாம்பல் என்றே சொல்லியிருப்பேன். வெள்ளைப் பாதி இரண்டிலும் ஒன்றுபோல் சுத்தம், அதனால் சேஃப்லைட்டுக்குக் குற்றம் இல்லை. பழையதை வெளியே எடுத்து வைத்தாயிற்று.

புதியதை நான்கு கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி, மரை துடைத்து, தேதி ஒட்டி வைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றி அளந்ததில் ஒவ்வொன்றும் 108 மிலி பிடிக்கிறது, ஆகவே 972 மிலி தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று பாட்டிலிலேயே எழுதிவிட்டேன். மிஞ்சியது 68 மிலி. அதை 5×7 ட்ரேக்கு எடுத்து வைத்திருக்கிறேன், இந்த வாரமே தீர்த்துவிடுவேன்.

---

வெள்ளியுப்பு எழுதியது:

அருமை. அந்த 68 மிலிக்கு 612 மிலி தண்ணீர், 5×7க்குத் தாராளம். புது டெவலப்பரில் போட்ட துண்டைத் தொலைத்துவிடாதீர்கள். ஃபைபர் தாள் வாங்கியதும் அதற்கும் தனியாக ஒன்று போடுங்கள், ஆர்சி துண்டோடு அதை ஒப்பிட முடியாது. 2 நிமிடம் கொடுத்தது ஒன்று, 3 நிமிடம் கொடுத்தது ஒன்று என்று இரண்டு துண்டு போட்டுப் பாருங்கள். 3 நிமிடத்தில் கறுப்பு இன்னும் கூடினால், உங்கள் தாளுக்கு 3 நிமிடம்தான் நேரம்.